ஒரு சொட்டுச் சிவப்பு மை

நூகு லெப்பைக்கு வயது அறுபத்தொன்று. அவருக்கு அரபு எழுத்துக்கலை சொல்லிக்கொடுத்த உஸ்தாது அவரைவிடப் பத்து வயது இளையவர். லெப்பையின் மனக்கசப்பில் பாதி அதுதான். மீதிப் பாதி சேகு.

லெப்பையும் அவரும் ஒரே நாளில் உஸ்தாதிடம் பாடம் தொடங்கியவர்கள். எழுதிய கிதாபின் கடைசிப் பக்கத்தில் தன் பெயரைப் போட உஸ்தாதின் அனுமதி வேண்டும். சேகுவுக்கு அது ஆறே வருஷத்தில் கிடைத்தது. லெப்பைக்குப் பதினேழு வருஷமாகியும் கிடைக்கவில்லை.

அன்று துஆ கிதாப் ஒன்றை, பிரார்த்தனைகளின் நூலை, முடித்துக் கொண்டுவந்திருந்தார். பதினோரு வருஷ வேலை. கண்ணில் புரை விழுந்துவிட்டது. இனி இன்னொன்று எழுத முடியாது.

"இதுலயாவது என் பேரைப் போடலாமா உஸ்தாது?"

உஸ்தாது பக்கங்களைப் புரட்டினார். ஓரமெல்லாம் தங்கப் பூக்கொடி. எழுத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் பக்கத்தில் மட்டும் விரல் நின்றது. 'அஃபு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மிளகளவு ஓட்டை.

"இது என்ன காக்கா?" வயதில் மூத்தவரை உஸ்தாது அண்ணன் முறையில் அப்படித்தான் அழைப்பார்.

"சேகு பார்த்த வேலை. பக்கத்துல உக்காந்து தூரிகையை உதறினான். சிவப்பு மை சொட்டிடுச்சு. கத்தியால சுரண்டினேன்."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அந்த வாரம்தான் அவனுக்கு நீங்க அனுமதி கொடுத்தீங்க."

உஸ்தாது பெருமூச்சு விட்டார். வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து, நாணல் பேனாவால் அலிஃப் என்ற எழுத்தை எழுதினார். ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்தார். தாள் பழையபடி வெளுப்பாக இருந்தது.

"முட்டை வெள்ளை எதுக்குக் காக்கா தாள்ல பூசுறோம்?"

"தப்பைத் துடைக்கத்தான்."

"பிறகு கத்தி எதுக்கு?"

"துடைச்சா சுவடில்லாமப் போயிருக்குமே! அவன் செஞ்சது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? இன்னைக்கும் யார் புரட்டினாலும் இந்த ஓட்டை ஏதுன்னு கேக்குறாங்க. சேகுன்னு சொல்றேன்."

"அஃபுன்னா என்ன?"

"மன்னிப்பு."

"அதுக்கும் முந்தின அர்த்தம்?"

"சுவடில்லாமத் துடைக்கிறது."

வெளியே அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது.

"என் பேரு, உஸ்தாது?"

உஸ்தாது கிதாபை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"இதுல சேகு பேரை நீங்க எப்பவோ போட்டுட்டீங்களே, காக்கா."