கண்ணாடிக்குள் இருந்த கல்சட்டி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது செண்பகத்தக்கா. என் மூத்த மகள் மசக்கையாக இருந்த சமயம். பிள்ளை நல்லபடியா இருக்கணும்னு அம்மன் சன்னதியில் விளக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அக்கா.

"எதைக் குடுத்தாலும் வாந்தி எடுக்கா, அக்கா" என்றேன்.

"வீட்டுல கல்சட்டி இருக்கா?" என்று கேட்டாங்க. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "கேளு. இதுல வர்ற மசக்கைக்காரி நான்தான்" என்று ஆரம்பித்தாங்க.

கடனா ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அதன் குரு பூரணத்தம்மா. நாற்பது வயதுதான் இருக்கும். அவரிடம் சீடராக வந்தவர் ஆவுடையப்பன், சர்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயதில் பெரியவர் என்பதால் குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். சீடர் குருவைத் "தாயே" என்பார்.

ஆவுடையப்பனுக்கு ஒரே ஆசை. அம்மா கையால் தீட்சை வாங்கணும்.

"தாயே, எனக்கு எப்ப தீட்சை?"

"மடத்துக்கு என்ன செய்யணும்னு தோணுதோ செய்ங்க, அண்ணாச்சி. பாப்போம்."

அவர் யோசித்தார். ஊர் வீடுகளில் பழைய சாமான்கள் ஒவ்வொன்றாகப் புழக்கத்திலிருந்து போய்க்கொண்டிருந்தன. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டார். உறி வந்தது. ஊறுகாய் போட்டுவைக்கிற மரவை வந்தது. மத்து வந்தது, நாழி வந்தது. அடுத்த தெருப் பேச்சியம்மாள், மாக்கல்லில் கடைந்த கல்சட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளும் புறமும் கன்னங்கரேலென்று இருந்தது.

எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினார். கண்ணாடி அலமாரி செய்து உள்ளே அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதிவைத்துப் பூட்டினார். நாலு ஊர் ஜனம் பார்க்க வந்தது. ஆவுடையப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பேச்சியம்மாளும் வந்தாள். அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'நம் முன்னோர் குழம்பு வைக்கப் பயன்படுத்திய கல்சட்டி.'

"போன ஆடி வரைக்கும் நான்லா இதுல குழம்பு வச்சேன். நான் எப்ப அண்ணாச்சி முன்னோரானேன்?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

பூரணத்தம்மா அலமாரியைச் சுற்றிவந்து பார்த்தார். அடுப்படிக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்துப் பேச்சியம்மாள் மறுபடி வந்தாள்.

"அண்ணாச்சி, எம் மக செண்பகம் மாசமா வந்திருக்கா. சோத்தக் கண்டாலே ஓங்கரிக்கா. பச்சத்தண்ணி தங்க மாட்டேங்கு. நம்ம கல்சட்டில வச்ச சுண்டவத்தக் குழம்புன்னா ரெண்டு வாய் திம்பேங்கா. சட்டியக் குடுங்க. திருப்பித் தந்திருதேன்."

"வேற சட்டில வச்சுக் குடேன்."

"குடுத்தேன். இது அது இல்லன்னு தள்ளிட்டா."

"உடைஞ்சுபோனா வேற எங்க போய்த் தேட, பேச்சி? நாளைக்குக் காலேஜ்லருந்து வேற பாக்க வாராங்க."

பேச்சியம்மாள் கண்ணாடியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள். பூரணத்தம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் பந்தி. ஆவுடையப்பன் வழக்கமாக உட்காரும் இடத்தில் இலை இல்லை. அம்மா அவருடைய இலையைக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் போட்டுத் தண்ணீர் தெளித்துவைத்திருந்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு இங்க."

பெருமையாகத்தான் உட்கார்ந்தார். எல்லா இலையிலும் சோறு விழுந்தது. சாம்பார் வாளி அவரைத் தாண்டிப் போனது. கூட்டும் தாண்டிப் போனது.

"தாயே... சோறு?"

"எதிர்லதான இருக்கு? மரவையில ஊறுகா, உறியில மோரு, சட்டியில குழம்பு. நல்லாப் பாத்துச் சாப்பிடுங்க."

யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஆவுடையப்பன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மடியிலிருந்த சாவியை எடுத்தார்.

சட்டியைத் தூக்கிக்கொண்டு பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் ஆசையாக வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது.

"என்ன அண்ணாச்சி, வெளுத்துக் கெடக்கு?"

"அழுக்கா இருந்துச்சேன்னு உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்."

"அழுக்கா? எங்கம்மையும் நானும் ஊத்தின எண்ணெய்லா அது! இத இப்படியே அடுப்புல வச்சா வெடிச்சிரும். இனிம மொதல்லருந்து பழக்கணும்."

உள்ளே செண்பகம் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

அவர் சட்டியோடு மடத்துக்குத் திரும்பினார்.

"கெடுத்துட்டேன், தாயே."

"வடிகஞ்சி சூடா இருக்கு. எடுத்துக்கோங்க" என்றார் அம்மா.

அன்றிலிருந்து தினம் அந்தச் சட்டியில் சுடுகஞ்சி ஊற்றிவைத்தார். மஞ்சளும் விளக்கெண்ணெயும் பூசினார். பிறகு தணலில் வைத்தார். காலேஜிலிருந்து வந்தவர்கள் பார்த்தபோது அலமாரி காலி. மரவை பந்தியில் இருந்தது. மோர்ப்பானை உறியில் தொங்கியது.

"பழைய பொருளெல்லாம் பாக்க வந்தோம், ஐயா."

"உக்காருங்க. சாப்பிட்டுப் பாருங்க" என்றார், தணலை விசிறிக்கொண்டே.

ஒரு நாள் பேச்சியம்மாள் வந்து சட்டியைச் சுண்டிப் பார்த்தாள். "இப்பத் தாங்கும்" என்றாள். அவள் வீட்டுக்கு அவரே சுமந்துபோனார். சுண்டவத்தக் குழம்பு கொதித்தது. இறக்கிவைத்த பிறகும் தளதளவென்று கொதித்தது. செண்பகம் ரெண்டு வாய் சாப்பிட்டாள். ஓங்கரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா" என்றாள்.

ஆவுடையப்பன் சின்னப் பையன் மாதிரி மடத்துக்கு ஓடினார்.

"தாயே! அந்தப் பிள்ளை மறுசோறு வாங்கிச்சு!"

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் இவருக்குத் தைரியம் வந்தது.

"இப்பவாவது எனக்குத் தீட்சை...?"

"சட்டி கறுத்துட்டுதா, அண்ணாச்சி?"

"இன்னும் இல்ல, தாயே. அடியில இப்பத்தான் லேசா..."

"கறுக்கட்டும்."



அக்கா அதோடு நிறுத்திட்டாங்க.

"அப்புறம் தீட்சை குடுத்தாங்களா?" என்று நான் கேட்டேன்.

"சட்டி எங்க வீட்டுலதான் இருக்கு. நீ வந்து பாரு, எப்படிக் கறுத்துக் கெடக்குன்னு!" என்றாங்க அக்கா. அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கல்சட்டி கிடந்தால், இன்றைக்கு அதை இறக்கிக் கொஞ்சம் வடிகஞ்சி ஊற்றிவையுங்கள்.