கரிச்சானுக்கு எல்லோர் குரலும் வந்த கதை

படிக்கிற வயதில் எல்லாப் பறவைகளும் ஒரே பேச்சில் சண்டை போட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், மேற்கு மலைக்காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. சுவர் கிடையாது, கூரை கிடையாது. ஒரு பெரிய அத்திமரம், அவ்வளவுதான். வாத்தியார் இருவாச்சி. அலகின் மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்ததுபோல் கொம்பு இருக்குமே, அந்தப் பறவை. அவர் இறக்கை அடித்து வரும் சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும். அதனால் அவர் வந்து உட்காரும்போது வகுப்பில் எல்லோரும் உத்தமர்களாக இருப்பார்கள். தன் பிள்ளைகள் சாதுக்கள் என்றே பாவம் அவர் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

அங்கே சொல்லிக்கொடுத்தது பொதுப்பேச்சு. ஒவ்வொரு பறவைக்கும் வீட்டுக் குரல் என்று ஒன்று உண்டு. கூட்டில் அம்மா கூப்பிடும் குரல் அது. அடுத்த வீட்டுக்காரருக்கு அது புரியாது. மரங்கொத்தியும் குக்குறுவானும் சேர்ந்து உட்கார்ந்து வம்பளக்க வேண்டுமென்றால் பொதுப்பேச்சு தெரிந்தாக வேண்டும்.

ஆனால் பொதுப்பேச்சு அந்தக் காட்டில் அளவாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு ஊர்ப் பொதுப் பாத்திரம் எடுப்பதுபோல, ஒரு வகுப்பு எடுத்துப் புழங்கிவிட்டு அடுத்த வகுப்புக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்காகக் கடைசி நாள் சாயங்காலம் வாத்தியார் ஆளுக்கொரு கடுக்காய் கொடுப்பார். அதை விழுங்கியதும் நாக்கில் இருந்த பொதுப்பேச்சு முழுவதும் வற்றிப்போகும். பிறகு அவரவர் வீட்டுக் குரல் மட்டும்தான். வாத்தியார் கடுக்காய் கொடுத்தார் என்றால் அந்தக் காலத்தில் வேறு அர்த்தம் இல்லை.

நம் கதையில் வரும் வகுப்பில் நன்றாகப் படித்தவர் என்று சொல்ல யாரும் இல்லை. கடைசிக் கிளையில் உட்கார்ந்திருந்த கரிச்சான் அதிலும் மோசம். ஆள் கரேலென்று இருப்பான். வாலில் நீளமாக இரண்டு கம்பி, கம்பி நுனியில் துடுப்பு. பாடம் நடக்கும்போது அவன் காது மட்டும் வேறெங்கோ இருக்கும். பக்கத்துக் கிளையில் இருப்பவனை அவன் அம்மா வந்து கூப்பிட்டால் அந்தக் குரலை அப்படியே பிடித்துக்கொள்வான். மறுநாள் அதே குரலில் கூப்பிட்டு, அவனைப் பாதிப் பாடத்தில் வீட்டுக்கு ஓடவைப்பான். கரிச்சான்கள் ஒருவர் முகம் ஒருவருக்கு ஆகாத குடும்பம். மரத்துக்கு ஒருவராகப் பிரிந்துகொண்டு யாரும் கிட்டே வராமல் விரட்டுவார்கள். அவனுக்கு உறவு என்று இருந்தது இந்த வகுப்பு ஒன்றுதான்.

வருடம் ஓடிவிட்டது. கோடைமழை ஒன்று பெய்து, பிரிவு உபசார நாளும் வந்தது. புற்றிலிருந்து ஈசல் கிளம்பியிருந்ததால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வயிறு நிறைந்ததும் வழக்கப்படி ஒவ்வொருவராகத் தாழ்ந்த கிளைக்கு வந்து, கூடப் படித்தவர்களின் மானத்தை வாங்கத் தொடங்கினார்கள்.

முதலில் மாட்டியவன் குக்குறுவான். இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று வாத்தியார் காலையில் கேட்டால் அவன் மத்தியானம் வரைக்கும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பான். போதும் என்று சொல்லி நிறுத்த வாத்தியாராலும் முடிந்ததில்லை. பதில் தப்பு என்பது வேறு விஷயம். அடுத்தது தவிட்டுக்குருவிகள், ஏழு பேர். ஒருத்தியைக் கேள்வி கேட்டால் ஏழு பேரும் பதில் சொல்வார்கள். பரீட்சையில் ஏழு பேருக்கும் ஒரே இடத்தில் ஒரே தப்பு வரும். அக்கா தங்கை என்றால் புத்தியும் ஒன்றுபோலத்தானே இருக்கும் என்று அதற்கு ஒரு நியாயம் வேறு வைத்திருந்தார்கள்.

மரங்கொத்தியின் முறை வந்தபோது வாத்தியாரே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடம் புரியாவிட்டால் மரங்கொத்தி பக்கத்தில் இருப்பதைக் கொத்துவான். அவனுக்கு நிறையப் பாடம் புரியவில்லை. ஒருநாள் வாத்தியார் உட்கார்ந்திருந்த கிளை மடமடவென்று முறிந்து, அவர் கொம்பும் இறக்கையுமாகப் புதருக்குள் போய் விழுந்தார். யார் செய்த வேலை என்று அவர் கேட்டதற்கு வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கரையான் என்றது. அந்த வருடத்தில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து சொன்ன ஒரே பதில் அதுதான். அதைச் சொல்லிச் சிரித்தபோது வாத்தியார், கரையானுக்குத் தலையில் சிவப்புக் கொண்டை இருந்ததை அன்றைக்கே பார்த்துவிட்டேன் என்றார்.

வாத்தியாரையும் அவர்கள் விடவில்லை. மாசி பங்குனியில் அவர் மனைவி மரப்பொந்தில் அடைகாக்க உட்கார்ந்தாள். இருவாச்சிப் பெண்கள் பொந்தின் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பார்கள். ஆண்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். வாத்தியார் நல்ல புருஷன். பாடம் நடத்திக்கொண்டே மரத்தில் உள்ள பழத்தை அலகில் சேர்ப்பார், அலகு நிறைந்ததும் பாடத்தை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார். பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதம் இப்படியே போயிற்று. இந்த வகுப்பு ஏன் இந்த லட்சணத்தில் இருந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆறுமணிக்குருவி எழுந்து கரிச்சானைப் பற்றிச் சொன்னாள். அவள் வடக்கே இருந்து வந்து படித்தவள், மழைக்கு முன் ஊர் திரும்ப வேண்டியவள். காலையில் வகுப்பு தொடங்கவும் சாயங்காலம் முடியவும் மணிபோல் விசிலடிப்பது அவள் வேலை. அதில் அவளுக்கு ஒருநாளும் நேரம் தவறியதில்லை. ஒரு மத்தியானம் அவள் குரலில் கரிச்சான் விசிலடிக்க, வாத்தியார் உட்பட எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் பல நாள் அவனோடு பேசவில்லை. பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, அவள் வேலை போய்விடக்கூடாது என்று இரண்டு வேளையும் அவளுக்குப் பதிலாக விசிலடித்தவனும் அவன்தான். யார் வராவிட்டாலும் அவர்கள் குரலில் உள்ளேன் ஐயா என்று சொல்லிவிடுவான். அந்த வகுப்பில் ஒருவரும் ஒருநாளும் விடுப்பு எடுக்காததை வாத்தியார் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கரிச்சானைக் கிளைக்குக் கூப்பிட்டார்கள். குக்குறுவானின் தாத்தா தும்முவதைச் செய்தான். தவிட்டுக்குருவிகள் ஏழு பேரும் சண்டை போடுவதை ஒரே வாயால் செய்தான். ஒவ்வொருவருடைய அம்மாவும் கூப்பிடுவதைச் செய்தான். முடிவில் வாத்தியாரின் இறக்கைச் சத்தத்தைச் செய்தபோது, வாத்தியார் எதிரே உட்கார்ந்திருப்பதை மறந்து எல்லோரும் சட்டென்று நேராக உட்கார்ந்தார்கள். வாத்தியாரும் நேராக உட்கார்ந்தார். அதன்பிறகு மரமே அதிரும்படி சிரித்தார்கள்.

சிரித்து ஓய்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வாத்தியார் கடுக்காய்களை எடுத்துக் கிளையில் வரிசையாக வைத்தார். கரிச்சான் அவரிடம் போனான்.

"ஐயா, என்னைப் பெயிலாக்கிடுங்க. இன்னொரு வருசம் இருந்துக்கறேன்."

"உன்னை இன்னொரு வருசம் வச்சுக்க எனக்கு உடம்புல தெம்பில்லப்பா."

"நாளைக்கு இவங்ககிட்ட நான் எப்படிப் பேசுவேன்?"

வாத்தியார் அவனைப் பார்க்காமல் கடுக்காயை ஒழுங்குபடுத்தினார். பேச முடியாது, எல்லா வகுப்புக்கும் அப்படித்தான், அடுத்த வகுப்புப் பிள்ளைகள் கூட்டில் காத்திருக்கிறார்கள் என்றார்.

"இங்க படிச்சுட்டுப் போனவங்க அப்புறம் எப்பவாவது ஒண்ணா உக்காந்து நீங்க பாத்திருக்கீங்களா ஐயா?"

வாத்தியார் பொய் சொல்லத் தெரியாதவர். "இல்லை" என்றார்.

ஒவ்வொருவராக விழுங்கினார்கள். விழுங்குவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம். குக்குறுவான் இரண்டும் இரண்டும் நாலு என்றான். அது சரியான பதில். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தவிட்டுக்குருவிகள் ஏழு பேரும் ஏழு விஷயத்தை ஒரே நேரத்தில் சொன்னதால் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. மரங்கொத்தி பக்கத்தில் இருந்ததைக் கொத்தினான்.

ஆறுமணிக்குருவி கரிச்சானிடம் என்னவோ சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து அவனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். கூட்டம் குறையட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அது அவள் நேரம். நேரம் ஆகிவிட்டது என்றால் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். வாத்தியார் பெயர் சொன்ன அதே கணத்தில் கடுக்காயை விழுங்கிவிட்டாள். பிறகுதான் ஞாபகம் வந்து அவன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். வெறும் விசில்தான் வந்தது. இன்னொரு தடவை முயன்றாள், அப்போதும் விசில். கரிச்சான் தனக்கு உரிய ஒரு வார்த்தையைச் சொல்லாமலே தன் கடுக்காயை விழுங்கினான். மறுநாள் விடியும்போது அவள் வடக்கே போயிருந்தாள்.

மழைக்காலம் கரிச்சானுக்கு நரகமாகப் போயிற்று. ஒருநாள் தேக்கு மரத்தில் மரங்கொத்தியைப் பார்த்தான். ஆசையோடு பறந்து போய்த் தன் வீட்டுக் குரலில் விசாரித்தான். கரிச்சான்களின் வீட்டுக் குரல் தகரத்தைத் தேய்ப்பதுபோல் இருக்கும், விரட்டத்தான் அது உதவும். மரங்கொத்தி மிரண்டுபோய் மரத்தின் மறுபக்கம் சுற்றி ஓடினான். முகத்தைப் பார்த்துவிட்டு அல்ல, குரலைக் கேட்டுத்தான் ஓடினான். அதன்பிறகு கரிச்சான் யாரிடமும் போகவில்லை. ஒரே மரத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் அத்திமரத்தில் புது வகுப்பு தொடங்கியது. புதுப் பிள்ளைகள் எதற்கோ சிரித்தார்கள். எதிர்மரத்தில் இருந்த கரிச்சானுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் சிரிப்பு சிரிப்பாகவே கேட்டது. அவனுக்குத் தாங்கவில்லை. பேச முடியாவிட்டால் போகிறது, அந்தக் குரல்களையாவது இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்து, மரங்கொத்தியின் அம்மா கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான். குக்குறுவான் வீட்டில் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான். தவிட்டுக்குருவிகள் ஏழு பேரின் சண்டையையும் விடவில்லை. கடைசியாக ஆறுமணிக்குருவியின் விசிலை அடித்தான். நேரம் அப்போது ஆறு மணியும் இல்லை, ஒன்றும் இல்லை.

மரங்கொத்தி முதலில் வந்தான். அம்மாவைத் தேடிக் கிளை கிளையாகப் பார்த்தான். இருந்தது கரிச்சான். குக்குறுவான் வந்து அவனும் அப்படியே தேடினான். தவிட்டுக்குருவிகள் கூச்சல் போட்டுக்கொண்டே வந்து விழுந்தார்கள். எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது, மறுபடியும் ஏமாற்றிவிட்டான். வகுப்பில் என்றால் இந்நேரம் அவனைத் துரத்திக் கொத்தியிருப்பார்கள். கரிச்சானும் ஓடத் தயாராக இறக்கையை விரித்துக்கொண்டான். ஆனால் மரங்கொத்தி அவன் பக்கத்துக் கிளையில் நன்றாக ஊன்றி உட்கார்ந்துகொண்டான். குக்குறுவான் அதற்கு அடுத்த கிளையில் உட்கார்ந்தான். யாரும் போகவில்லை.

பேச ஒன்றும் இல்லாததால் சேர்ந்து இரை தேடினார்கள். ஒருவர் கிளறிய பூச்சி இன்னொருவரிடம் போய் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே சருகுக்குள் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. ஆறுமணிக்குருவி. நெடுந்தூரம் பறந்து அப்போதுதான் வந்திருந்தாள், இளைத்துப் போயிருந்தாள். தலையைத் தூக்கிக் கரிச்சானைப் பார்த்து விசிலடித்தாள். அவனும் அவள் குரலிலேயே திருப்பி அடித்தான். அன்று அவள் சொல்லாமல் விட்டது என்ன என்று அவனுக்குத் தெரியாது, கேட்கவும் வழியில்லை. அவள் மறுபடியும் விசிலடித்தாள், அவன் மறுபடியும் திருப்பி அடித்தான்.

இந்த இரைச்சலில் புது வகுப்பில் பாடம் நின்றுபோயிற்று. பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு, அவர்களுக்குக் கடுக்காய் கொடுக்கவில்லையா என்று வாத்தியாரைக் கேட்டார்கள்.

"கொடுத்தேன்" என்றார் இருவாச்சி. "நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் திருப்பி வாங்கிட்டேன். அந்தக் கரிச்சான் எங்கிட்ட ஒண்ணும் கத்துக்கல. எல்லாம் பக்கத்துக் கிளையில கத்துக்கிட்டது. அதை நான் எப்படி வாங்குறது?"

சொல்லிவிட்டு அன்றைக்குப் பாடம் போதும் என்று வகுப்பை விட்டுவிட்டார். வீட்டுக்குப் போகாமல் தானும் அந்த மரத்தில் ஒரு கிளை பார்த்து, அது முறியாது என்று சோதித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிற்பாடு அந்த அத்திமரமும் போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று. பொதுப்பேச்சை யாரோ வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராமல் வைத்திருக்கிறார்கள் என்று பறவைகளுக்கு ஒரு சந்தேகம். நம்மைப் பார்த்தால் அவை பறந்துபோவது அதனாலும் இருக்கலாம். பேச்சு போனால் போகட்டும். அன்று முதல்தான், மழை ஓய்ந்த மலைக்காட்டில் கரிச்சான் ஒவ்வொரு பறவையின் வீட்டுக் குரலிலும் மாறி மாறிக் கூப்பிடுகிறான். கூப்பிடுவது தங்கள் அம்மா இல்லை என்று நன்றாகத் தெரிந்தும், அத்தனை பறவைகளும் அவன் இருக்கும் மரத்துக்கு வந்து சேருகின்றன.