பண்டிதரின் இரண்டாம் பிரசவம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு, "இதை யார் சொன்னது?" என்று கேட்கிற வியாதி பிடித்துக்கொண்டது. பக்கத்து நாட்டுத் தூதன் ஒருவன் வந்திருந்தான். நம் புலவர்கள் அளந்துவிட்ட ஒவ்வொரு பெருமைக்கும் அவன் ஆதாரம் கேட்டான். ஒருவராலும் காட்ட முடியவில்லை. அவன் சிரித்துவிட்டுப் போனான். மறுநாளே ஆணை பிறந்தது. சபையில் ஏறும் எந்தச் சுவடியிலும் ஒவ்வொரு செய்திக்கும் கீழே அதைச் சொன்னவர் பெயர் இருக்க வேண்டும். எழுதியவர் தாமே கண்டதென்றால் 'நான் கண்டேன்' என்று இருக்க வேண்டும். அடுத்தவர் சுவடியைத் தன்னுடையது என்று கொண்டுவந்தால் நாடு கடத்தல்.

நல்ல ஆணைதான், குறை சொல்ல முடியாது. அதை நிறைவேற்றும் பொறுப்பை வாகீசப் பண்டிதரிடம் கொடுத்தாரே, அங்கேதான் சனி பிடித்தது.

பண்டிதர் படித்துப் படித்து அலுத்துப்போனவர். அளப்பதில் மட்டும் அலுப்பே கிடையாது. ஓலை இவ்வளவு நீளம், இடப்பக்கம் மூன்று விரல் ஓரம், கயிறு கோக்கும் துளை இன்ன இடத்தில் என்று சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டார். படியெடுப்பவன் ஓர் எழுத்தை மாற்றினாலும் அவன் வேலை போய்விடும். ஓரம் அரை விரல் குறைந்தால் சுவடி நெருப்புக்குப் போய்விடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. ஆதாரம் என்றால் அவருக்கு வரிக்குக் கீழே கிடக்க வேண்டிய பொடி எழுத்து, அவ்வளவுதான்.

அரண்மனை விகடன் சேந்தனுக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஊரைச் சிரிக்க வைக்கிற பிழைப்பு அவனுடையது. ஆனால் வீட்டுக்குப் போனால் மனைவியிடம்கூட முகம் கொடுத்துப் பேச முடியாத கோபம்.

அந்தக் கோபத்தில் எண்ணெய் ஊற்றியது காரிநங்கையின் விஷயம். நங்கை பிரசவம் பார்ப்பதில் பேரெடுத்த மருத்துவர், சேந்தனுக்கு அக்காள் முறை. தன் வாழ்நாள் அனுபவத்தையெல்லாம் திரட்டி ஒரு சுவடி எழுதினாள். பிறர் சொன்னதைப் பிறர் பெயரிலும், தான் பார்த்ததை 'நான் கண்டேன்' என்றும் ஒழுங்காக எழுதியிருந்தாள். சபை ஏற்றுக்கொண்டால் ராஜ முத்திரையோடு ஊர் ஊராகப் படி போகும், பிள்ளைப்பேற்றில் சாகிற பெண்கள் கொஞ்சமாவது பிழைப்பார்கள் என்பது அவள் ஆசை. சேந்தனுக்கு அதை முழுக்கப் படித்துக் காட்டினாள்.

பண்டிதர் சுவடியை வாங்கினார், ஓரத்தை அளந்தார்.

"இரண்டரை விரல்தான் இருக்கிறது, அம்மா. தள்ளிவிட்டேன்."

"சரி, திருப்பிக் கொடுங்கள். மறுபடி எழுதி வருகிறேன்."

"தள்ளியதைத் தருவதில்லை. எரிப்பதே முறை."

அந்த மனிதர் எரித்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம். எரிக்கவில்லை. தம்மிடம் வேலை பார்த்த படியெடுப்பவனைக் கூப்பிட்டு, மூன்று விரல் ஓரம் விட்டு எழுதச் சொன்னார். முதல் ஓலையில் தம் பெயரைப் போட்டுக்கொண்டார்.

அறுவடை முடிந்து சபை கூடியபோது 'மகப்பேற்று மருத்துவம்' அரங்கேறியது. பண்டிதர் முதல் ஓலையைப் படித்தார். சேந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து நங்கை எழுந்தாள்.

"அரசே, இது என் சுவடி."

பண்டிதர் நிதானமாகக் கைகூப்பினார். "மன்னர் பெருமானே, பிறர் நூலுக்கு உரிமை கோருபவர்க்கு என்ன தண்டனை என்பதைத் தாங்கள் அறிவீர்கள்."

"நங்கை, உன் கூற்றுக்கு ஆதாரம் உண்டா?" என்று கேட்டார் ராஜா.

"என் ஆதாரம் அவர் கையில் இருக்கிறது, அரசே."

"நாளைச் சபைக்குள் மெய்ப்பிக்க வேண்டும். இயலாவிடில் நீ எல்லை தாண்ட வேண்டியதுதான்."

பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சேந்தன், முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "பண்டிதரே, அருமையான நூல். ஒரே ஒரு ஐயம். 'நான் கண்டேன்' என்று வரும் இடங்களில் அந்த 'நான்' தாங்கள்தானே?"

"வேறு யார்? ஒவ்வோர் எழுத்தும் என் அனுபவம்."

"அரசர் முன் ஆணையிட்டுச் சொல்வீர்களா?"

"ஆணையிட்டே சொல்கிறேன்."

"இது போதும்" என்று கும்பிட்டுவிட்டு விலகினான். நங்கை அவனைப் பார்த்த பார்வை நெஞ்சில் தைத்தது.

மறுநாள் சேந்தன் சபைக்குள் வந்தபோது, பின்னால் அரண்மனைத் தாதிகள் வரிசையாக வந்தார்கள். ஒருத்தி கையில் பூண்டு லேகியம், ஒருத்தி கையில் வயிற்றில் கட்டும் துணி. இரண்டு பேர் தொட்டிலைத் தூக்கி வந்தார்கள்.

"இது என்ன கூத்து, சேந்தா?"

"பிள்ளை பெற்றவர்களுக்கு அரண்மனை செய்கிற சீர், அரசே. தங்கள் பாட்டனார் காலத்திலிருந்து வரும் வழக்கம். வாகீசப் பண்டிதருக்கு மட்டும் ஏனோ விட்டுப்போயிருக்கிறது."

சபை திகைத்தது. சேந்தன் படியெடுத்தவனை அழைத்து நடு ஓலை ஒன்றை உருவிக் கொடுத்தான். அவன் கணீரென்று படித்தான்.

"நான் கண்டேன். என் இரண்டாம் பிரசவத்தில் பிள்ளை பிறந்தும் நஞ்சுக்கொடி விழவில்லை, உதிரம் நிற்கவில்லை. பிள்ளையை மார்பில் போட்டுப் பால் கொடுத்தேன். வயிறு இறுகிக் கொடி விழுந்தது, உதிரம் கட்டியது."

பண்டிதர் பதறி எழுந்தார். "அது... படியெடுத்தவன் செய்த பிழை, மன்னா."

"ஓர் எழுத்து மாறினாலும் வேலை போய்விடும் என்று சொன்னவர் தாங்கள்" என்றான் சேந்தன். இப்போது அவன் குரலில் விகடம் இல்லை. "அவன் மாற்றவில்லை. திருடிய பொருளைத் தாங்கள் ஒரு தடவை படித்துக்கூடப் பார்க்கவில்லை. நேற்று ஆணையிட்டீர்களே, இரண்டாவது பிள்ளை பெற்றது தாங்கள்தான் என்று? உட்காருங்கள், பச்சை உடம்பு, நிற்கக் கூடாது."

தாதிகள் பண்டிதர் வயிற்றில் துணியைச் சுற்றினார்கள். ராஜா அரியணையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது. சேந்தன் சிரிக்கவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் ராஜா தீர்ப்புச் சொன்னார். பண்டிதர் நாடு கடத்தப்பட்டார். சுவடி காரிநங்கையின் பெயரில் ஏறியது. சேந்தன் கழுத்தில் முத்துமாலை விழுந்தது. "நங்கை, உனக்கும் ஒரு தட்டு நிறையப் பொன்" என்றார் ராஜா.

நங்கை தட்டைத் தொடவில்லை.

"அரசே, என் சுவடி பண்டிதர் வீட்டில் கிடந்த நாட்களில் வடகரையில் ஒரு பெண் செத்துப்போனாள். இப்போது படித்தார்களே, அதே உதிரப்போக்கு. பிள்ளை பக்கத்திலேயே அழுதுகொண்டு கிடந்திருக்கிறது. அதை எடுத்து அவள் மார்பில் போட வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவளையும் இந்தச் சுவடியில் எழுதப் போகிறேன். அவள் ஏன் செத்தாள் என்பதற்குக் கீழே யார் பெயரைப் போடட்டும்?"

ராஜாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சபை முழுக்கப் பண்டிதரைப் பார்த்தது. சேந்தன் மட்டும் ராஜாவையே பார்த்தான்.

"அவர் பெயரைப் போடு" என்று சொல்ல வாயெடுத்த ராஜா, சேந்தனின் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சுவடியை அளக்க ஒருவரை வைத்தது யார் என்பது அவருக்கும் தெரியும்.

"என் பெயரைப் போடு" என்றார்.

நங்கை அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுத்தாணியை எடுத்தாள். அவள் எழுதி முடிக்கும்வரை ராஜா நின்றுகொண்டிருந்தார். பிறகு ஓலையை வாங்கி, செத்தவளின் பெயரையும் அதற்குக் கீழே தம் பெயரையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் உட்கார்ந்தார்.