ஒன்றரை மணி நேரம் கொண்டுவந்தவள்

தரமணியில் ஒரு மென்பொருள் கம்பெனி. அங்கே மேனேஜர் ரங்கபாஷ்யம் வைத்ததுதான் சட்டம். தினமும் காலை ஒன்பதரைக்கு அவர் 'ஸ்டாண்டப்' நடத்துவார். நின்றபடியே கால் மணி நேரத்தில் பேசி முடித்துக் கலைய வேண்டிய கூட்டம் அது. இவரோ சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, டீக்கு மேல் டீ குடித்து, பதினொன்றே காலுக்குத்தான் ஆட்களை விடுவார்!

அன்று டெஸ்டர் மரியபுஷ்பம் மெல்ல வாயைத் திறந்தாள். "சார், வெள்ளிக்கிழமை ரிலீஸ். டெஸ்ட் பண்ண நேரம் பத்தலை."

"பத்தலையா? நாளைக்கு ஒன்னரை மணி நேரம் எங்கிருந்தாவது கொண்டு வா. இல்லைன்னா இந்த டீமை விட்டுக் கிளம்பு. ஆனா என் ஸ்டாண்டப்பை மட்டும் தொடக் கூடாது!"

"தொடவே மாட்டேன் சார். அதை முறைப்படி நடத்த ஏற்பாடு மட்டும் நான் செய்யட்டுமா?"

"தாராளமா!" என்றார், எல்லார் முன்னாலும்.

மறுநாள் அறைக்குள் நுழைந்தவர் திகைத்துப்போனார். இருபது நாற்காலியில் ஒன்றுகூட இல்லை! எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்கை விழுங்க முடியுமா? நின்றுகொண்டே ஆரம்பித்தார். ஐந்தாம் நிமிடம் கால் மாற்றினார். எட்டாம் நிமிடம் சுவரில் சாய்ந்தார். பதினோராம் நிமிடம், "சரி சரி, போய் வேலையைப் பாருங்க!" என்று அவரே கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

மரியபுஷ்பம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். மணி ஒன்பது நாற்பத்தொன்று. "ஒன்னரை மணி நேரம் வந்தாச்சு சார்!"

"நாற்காலியை எல்லாம் எடுத்தது யாரு?" என்று கத்தினார் ரங்கபாஷ்யம்.

"இந்தக் கூட்டத்துக்குப் பேர் வச்சவங்க அன்னைக்கே எடுத்துட்டாங்க சார். நாமதான் திருப்பிப் போட்டுக்கிட்டோம்."