அரைக்கட்டை

கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி மடத்து முற்றத்தில் அசையாமல் படுத்திருந்தது. அந்த வெண்மைக்குள் துறவி மியோசென் முள்ளங்கிகளை இரண்டிரண்டாக வைக்கோல் கயிற்றில் கட்டி, மூங்கிலில் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

கிதார் பெட்டியோடு வந்து நின்றவர் கென்சாகு. துறவியைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவருக்குச் சீடர். கென்சாகுவும் அவர் நண்பர் மிட்சுவோவும் இணைந்து வாசிக்கத் தொடங்கி இருபத்தாறு வருடம். இரண்டு கிதார்கள் மட்டும்; பாட்டு கிடையாது, பக்க வாத்தியம் கிடையாது. ரயில் நிற்காத ஊர்களில்கூட அந்த இரட்டை ஒலியைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

"ஒருவர்தான் வந்திருக்கிறீர்கள். இன்னொருவரை எங்கே தொலைத்தீர்கள்?" என்றார் துறவி.

"தொலைத்துவிடலாமா என்று கேட்கத்தான் வந்தேன், குருவே."

துறவி கயிற்றின் ஒரு நுனியை நீட்டினார். "இதைப் பிடித்துக்கொண்டே சொல்லுங்கள்."

கென்சாகு சொன்னார். இசைத்தட்டு நிறுவனம் ஒன்று அவரை மட்டும் அழைத்திருந்தது, ஒரு பியானோக்காரரோடு வாசிக்க. நேற்று ஒத்திகை. முதல் வரியிலேயே பியானோக்காரர் கையை எடுத்துவிட்டார். கிதாரின் சுருதி அரைக்கட்டை இறங்கியிருந்தது.

"ஒரு தந்தி இல்லை, ஆறும். எல்லாம் ஒரே அளவு. சுருதி பார்க்க நாங்கள் எந்தக் கருவியும் வைத்துக்கொண்டதில்லை. ஒரு நாள் அவன் தந்தியைக் கேட்டு நான் கூட்டுவேன், மறுநாள் என்னுடையதைக் கேட்டு அவன். ஊரெல்லாம் மேலே இருக்க, நாங்கள் இருவரும் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறோம். பியானோக்காரர் சிரித்துவிட்டார்."

"எந்தச் சுருதியில் சிரித்தார்?"

கென்சாகுவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். நாளை நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இனி மிட்சுவோவோடு வாசிப்பதில்லை என்று சொல்லிவிடட்டுமா?"

"எப்போது இழுத்தார்?"

கென்சாகு பனியைப் பார்த்தார். அதற்குள் வேறொரு வெண்மை தெரிந்தது. வடக்கே ஒரு சிற்றூர், பனி கொட்டும் மாலை, மிட்சுவோவின் மனைவி இறந்து பத்தாம் நாள்.

"அன்றைக்கு அவன் தந்திகள் தளர்ந்திருந்தன. அவன் கவனிக்கவில்லை. ஏற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னுடையதை இறக்கிக்கொண்டேன்."

"அப்படியானால் இறங்கியவர் நீங்கள்."

"கொஞ்சம்தான். ஒரு மயிரிழை."

"மீதி?"

"மீதி அவனுடையதாகத்தான் இருக்கும். என் இடது கை விரல் ஒடிந்து கூடிய வருடம் ஒன்று உண்டு. தந்தியை அழுத்தினால் உயிர் போகும். எப்படியோ, ஒரு நாள் வலி பாதியாகக் குறைந்தது. விரல் ஆறிவிட்டது என்று மிட்சுவோவிடம் பெருமையாகச் சொன்னேன். ஆறட்டும் ஆறட்டும், ஊறுகாய் ஜாடியை இனி நீயே திற என்றான்."

கென்சாகு தன் இடது கையைப் பார்த்தார். எங்கோ கண்ணுக்குத் தெரியாத படகொன்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனது.

"அன்றைக்குச் சுருதி கொடுத்தவன் அவன்" என்றார் மெதுவாக. "தளர்த்திக் கொடுத்திருக்கிறான், அழுத்தும்போது என் விரல் வலிக்காமல் இருக்க."

துறவி அடுத்த இரண்டு முள்ளங்கிகளை எடுத்துக் கட்டினார்.

"இருந்தாலும் குருவே, பியானோதானே சரி? அது நின்ற இடத்தில் நிற்கிறது."

"சரிதான். நேற்று நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"தந்திகளை ஏற்றினேன். ஏற்றித்தானே ஆக வேண்டும்."

"விரல்?"

"வலித்தது."

"அந்த வலியைப் பியானோ கேட்டதா?"

"பியானோ எப்படிக் கேட்கும்?"

"மிட்சுவோ கேட்டாரே" என்றார் துறவி.