களவாவின் வாயளவு

ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் களவா, சிங்கமீன், அஞ்சாலை என்று மூன்று மீன்கள் குடியிருந்தன. மூன்றுமே மற்ற மீன்களைப் பிடித்துத் தின்கிற வகை. அப்படிப்பட்டவை ஒரே தொட்டியில் சண்டை இல்லாமல் இருந்தன என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனாலும் இருந்தன.

தொட்டி தூத்துக்குடியில் இன்னாசி பீரிஸ் என்பவர் வீட்டு முன்னறையில் இருந்தது. ஊரே மீனைக் குழம்பில் போடும்போது இவர் மட்டும் கடல்தண்ணீரில் போட்டு வளர்த்தார். அவர் மனைவி மெர்லினுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. களவாவைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மசாலா டப்பா ஞாபகம் வந்துவிடும்.

களவாவுக்குப் பாறைத் தட்டுக்குக் கீழே இடம். சிங்கமீன் தன் நீளமான துடுப்புகளையும் விஷ முட்களையும் விரித்துக்கொண்டு மேல்தண்ணீரில் மெதுவாக மிதக்கும். அஞ்சாலை பாம்பு போன்ற உடம்புக்காரன். கண் சரியாகத் தெரியாது, எல்லாவற்றுக்கும் மோப்பம்தான். பாறைக்குள் ஒரு பொந்தில் உடம்பைச் சுருட்டித் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடப்பான். இன்னாசி நீளக் குச்சியில் இறால் துண்டைக் குத்தி, அவரவர் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். ஒருவர் பங்கில் இன்னொருவர் வாய் வைப்பதில்லை.

அந்தத் தொட்டியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எந்த மீன் வந்தாலும் களவா அதன் எதிரே போய் வாயைத் திறக்கும். களவாவின் வாய் சாதாரண வாயா? அது திறந்தால் மூஞ்சியே காணாமல் போய்விடும். அதற்குள் அடங்குகிற மீன் அன்றைய சாப்பாடு. அடங்காத மீன் உறவு. உறவு என்று ஆகிவிட்டால் அதன் மேல் பல்லும் படக்கூடாது, முள்ளும் படக்கூடாது. சிங்கமீனும் அஞ்சாலையும் அப்படி வாய்க்குள் அடங்காமல் உறவானவைதான். இந்த ஏற்பாட்டில் களவாவுக்கு ரொம்பப் பெருமை.

ஒரு நாள் இன்னாசி வண்ணமீன் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். கடைக்காரரும் களவாவின் அளவுகோலைத்தான் வைத்திருந்தார் போலிருக்கிறது. களவா வாய்க்குள் இது போகாது, தைரியமாக விடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். பைத்தண்ணீரும் தொட்டித்தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரவேண்டும் என்பதால், இன்னாசி பையை அவிழ்க்காமல் தொட்டியில் மிதக்கவிட்டார்.

உள்ளே ஒரு கிளாத்தி மீன் இருந்தது. உடம்பு தட்டையாக, உயரமாக, மஞ்சள் கோடு போட்டுப் பார்க்க அவ்வளவு லட்சணம். வாய் மட்டும் சட்டைப் பொத்தான் அளவு. ஆனால் ஒரு நொடி நிற்கவில்லை. பையின் இந்த மூலையைக் கடித்தது, அந்த மூலையைக் கடித்தது, முடிச்சைக் கடித்தது, திரும்பி வந்து முதல் மூலையையே கடித்தது. பை தண்ணீரின் மேல் ஆடிக்கொண்டே இருந்தது.

சிங்கமீனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க என்னவோ செய்தது. அது களவாவிடம் வந்து, இதற்கு நிலைகொள்ளவே இல்லையே, பைக்குள் இருக்கும்போதே இப்படி என்றால் வெளியே வந்தால் என்ன செய்யும் என்று கேட்டது.

"சின்னப் பய, பயந்து கிடக்கான் தங்கச்சி. அளந்து பாத்துட்டாப் போச்சு" என்றது களவா.

பை அவிழ்ந்தது. களவா வழக்கம்போல எதிரே போய் வாயைத் திறந்தது. கிளாத்தி ஓடவில்லை. தன் உயரமான உடம்பைப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டு நின்றது. நின்றது என்று சொல்லக்கூடாது, வாலை உதறிக்கொண்டே இருந்தது. களவா இப்படித் திறந்து பார்த்தது, அப்படித் திறந்து பார்த்தது. அடங்கவில்லை.

"அண்ணாச்சி வாய் மாதிரி ஒரு வாய் நான் கடல்ல கூடப் பாத்ததில்ல" என்றது கிளாத்தி.

களவாவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்! "நீ இனி நம்ம உறவு" என்று சொல்லிவிட்டுத் தட்டுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

அன்றோடு தொட்டியில் அமைதி போயிற்று. கிளாத்தி கீழே போகும், மேலே வரும், குழாயைத் தட்டும், கண்ணாடியைக் கொறிக்கும், மணலை ஊதிக் கலக்கும். கல்லை வாயில் கவ்வி இங்கிருந்து அங்கே கொண்டுபோய்ப் போடும். போட்ட கல்லை மறுபடி எடுக்கும். என்ன செய்கிறாய் என்று கேட்டால் வீட்டை ஒழுங்கு பண்ணுவதாகச் சொல்லும். இவ்வளவு நாளும் இங்கே எல்லாரும் சும்மாவே இருந்துவிட்டோம், இவன் ஒருத்தன்தான் உழைப்பாளி என்று களவா மெச்சிக்கொண்டது. சோம்பேறிக்கு அடுத்தவனுடைய சுறுசுறுப்பு எப்போதும் பிடிக்கும்.

முதல் கடி சிங்கமீனின் துடுப்பு நுனியில் விழுந்தது. தெரியாமல் பட்டுவிட்டது என்று சிங்கமீன் நினைத்தது. மறுநாள் இன்னொரு நுனி போயிற்று. அதன் பிறகு தெரியாமல் என்று சொல்வதற்கு வழியில்லை. அது மிதக்கும்போது பின்னால் வந்து ஒரு கடி, திரும்புவதற்குள் ஓட்டம். சாப்பாடு வரும் நேரத்தில் முன்னால் ஒரு கடி, சிங்கமீன் பதறி ஒதுங்கியதும் அதன் இறால் துண்டு கிளாத்தியின் வாயில். நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. சிங்கமீன் இளைத்துக்கொண்டே வந்தது. இப்படியே போனால் செத்துவிடுவோம் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

அதனிடம் விஷ முள் இருந்தது. ஒரே ஒரு குத்து போதும். ஆனால் உறவின் மேல் முள் படக்கூடாதே! அதனால் முறைப்படி களவாவிடம் போய் அனுமதி கேட்டது.

"அவன் வாயைப் பாத்தியா தங்கச்சி? இத்தனூண்டு. அதை வச்சு என்ன பெருசாக் கடிச்சிரப் போறான்?" என்றது களவா.

சிங்கமீன் தன் துடுப்பை விரித்துக் காட்டியது. பழைய குடைத்துணி போல ஓட்டையும் கிழிசலுமாக இருந்தது. களவா பார்த்தது. பார்த்துவிட்டு, சின்ன வாய்க்காரனால் பெரிய கெடுதல் வராது, தன் வாயளவு இதுவரை பொய்த்ததே இல்லை, உறவுக்குள் முள் நீட்டினால் நீட்டியவர்தான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்படாதவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு சுலபம்!

கிளாத்தி பாறைக்குப் பின்னாலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டிய உத்தரவாதம் கிடைத்துவிட்டது. "என்ன மைனி, வழக்கு தோத்துப் போச்சா?" என்று கேட்டு அங்கேயே ஒரு கடி கடித்தது.

அடுத்து அது அஞ்சாலையின் பொந்துக்கு வந்தது. வாசலில் கல்லை வைத்து அடைத்தது. அஞ்சாலை முட்டித் தள்ளினால் மறுபடி கொண்டுவந்து வைத்தது. பின்பக்க வழியில் மணலை ஊதித் தூர்த்தது. அஞ்சாலை சாப்பிட வெளியே வந்த நேரத்தில் பொந்தையே கலைத்துவிட்டது. கண் தெரியாதவனுக்கு வீடு மாறினால் என்ன ஆகும்? அவன் சுற்றிச் சுற்றி வந்தான். கண்ணாடியில் முட்டினான், குழாயில் முட்டினான், ஒரு தடவை களவாவின் மேலேயே முட்டி வசவு வாங்கினான். சிங்கமீன் தன் கஷ்டத்தை மறந்து அவன் கூடவே நீந்தி வழி சொன்னது. அதற்கும் துடுப்பு சரியில்லை, இவனுக்கும் கண் சரியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் எல்லாரும் பூசைக்குப் போயிருந்தார்கள். காற்றுக்குழாய் போவதற்காகத் தொட்டி மூடியின் ஓரத்தில் ஒரு இடைவெளி உண்டு. அஞ்சாலை அங்கே போய்த் தலையை வெளியே நீட்டினான்.

"எங்க போற நீ?" என்று சிங்கமீன் பதறியது.

"வெளியே கடல் வாசம் வருது தாயி. நல்லாவே வருது. பொந்து இல்லாத இடத்துல எனக்கு என்ன வேலை?"

போகாதே, அது கடல் இல்லை என்று சிங்கமீன் கத்தியது. களவாவை எழுப்பியது. களவா எழுந்து பார்ப்பதற்குள் அஞ்சாலையின் வால் நுனியும் மூடிக்கு வெளியே போய்விட்டது. பூசைக்குப் போகுமுன் மெர்லின் மதியக் குழம்புக்காகச் சீலா மீனைக் கழுவி அடுப்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அஞ்சாலை கடல் என்று நம்பித் தேடிப் போனது அந்த வாசம்தான்.

அவர்கள் திரும்பி வந்தபோது அவன் அடுப்படி வாசல்படியில் காய்ந்து கிடந்தான். இன்னாசிக்கு அழுகை வந்துவிட்டது. உடனே போய் மூடி இடைவெளியை அடைத்தார். அது ஏன் வெளியே வரவேண்டும் என்று மெர்லின் கேட்டாள்.

சிங்கமீன் களவாவிடம் போய் நின்றது. கலைந்து கிடந்த பொந்தைத் துடுப்பால் காட்டியது. அன்று தட்டுக்குக் கீழே போய்ப் படுத்த களவாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புரண்டது, எழுந்தது, வாயைத் திறந்து மூடியது, மறுபடி படுத்தது. கிளாத்தி அளவில் சரியாகத்தானே இருந்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

அஞ்சாலை போனதும் கிளாத்திக்கு வேலை குறைந்துவிட்டது. சும்மா இருக்க அதற்கு முடியுமா? களவா கண்ணயர்ந்த ஒரு மதியம், அது பாறைத் தட்டுக்குக் கீழே நுழைந்தது. பளபளவென்று ஒன்று தெரிந்தது. கடித்தது. அது களவாவின் வலது கண்.

களவா அலறிக்கொண்டு வெளியே வந்தது. வாயை அகலத் திறந்து துரத்தியது. அந்த வாயைக் கண்டு பயப்படுவதற்குக் கிளாத்திக்கு என்ன இருக்கிறது? அடங்கமாட்டோம் என்று அதற்கு முதல் நாளே தெரியும். குருட்டுப் பக்கமாக வந்து இன்னொரு கடி கடித்துவிட்டுப் போனது.

"தங்கச்சி, குத்து அவனை! நான் சொல்லுதேன், குத்து!"

சிங்கமீன் திரும்பிக் காட்டியது. முதுகில் முட்கள் இருந்த இடத்தில் கடித்துத் துப்பிய மொட்டைகள்தான் இருந்தன.

"எதை வச்சுக் குத்த, அண்ணாச்சி?" என்று கேட்டது.

மாலையில் இன்னாசி வந்து பார்த்துத் திடுக்கிட்டார். களவாவின் கண் போயிருந்தது. சிங்கமீன் கந்தலாகிக் கிடந்தது. கிளாத்தி மட்டும் கீறல் இல்லாமல் பளிச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஏதோ நோய் என்று நினைத்து, களவாவையும் சிங்கமீனையும் வலையில் பிடித்துப் பின்கட்டில் இருந்த நீலப் பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றினார். மெர்லின் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள்.

"ஏங்க, காயம் படாதவன் ஒருத்தன்தான் இருக்கான். அப்ப கடிச்சது யாரு?" என்றாள்.

இன்னாசிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் காயம்பட்டவர்களை மறுபடி அதனோடு விட முடியாது. கடைக்காரரும் அதைத் திரும்ப வாங்கமாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். ஆகவே அவ்வளவு பெரிய தொட்டி ஒருத்தனுக்கு, இந்தச் சின்ன டிரம் இரண்டு பேருக்கு என்று ஆகிப்போனது. கிளாத்தி இப்போதும் அங்கே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கடிக்க யாரும் இல்லாததால் கண்ணாடியில் தெரிகிற தன் நிழலைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

டிரம்முக்குள் பாறை இல்லை, தட்டு இல்லை, வெளிச்சமும் இல்லை. களவா ஒரு ஓரமாகக் கிடந்தது.

"நான் அளந்துதானே விட்டேன் தங்கச்சி. என் வாய்க்குள்ள அவன் போகலையே" என்றது.

"உங்க வாய்க்குள்ள போறானான்னு பாத்தீங்க அண்ணாச்சி. எங்களோட இருப்பானான்னு பாக்கலையே."

களவா வாயை இறுக மூடிக்கொண்டது. சிங்கமீனுக்குக் கோபம் தீரவில்லை, தீரவும் தீராது. இருந்தாலும் அது கிழிந்த துடுப்பை இழுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்து, களவாவின் கண் இல்லாத வலது பக்கத்தில் போய்க் காவலாக நின்றுகொண்டது.

நம்மால் விழுங்க முடியாதவன் எல்லாம் நம்மோடு வாழத் தகுந்தவன் ஆகிவிடமாட்டான்.