இருபத்தெட்டுப் பச்சைக் கோடுகள்

குருவுக்கு முப்பத்தெட்டு வயசு, சீடருக்கு அறுபத்திரண்டு. இப்படியும் உண்டா என்றால், திண்டுக்கல்லில் உண்டு.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பூட்டுக் கடை மாடியில் குடியிருக்கும் ஜெசிந்தா டீச்சர் அங்கேயே ஞாயிற்றுக்கிழமைதோறும் பங்குச் சந்தைப் பாடம் எடுப்பார். முன் பெஞ்சில் தவறாமல் வேலாண்டி. முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் கிழித்த விரல் சும்மா இருக்குமா? டீச்சர் தும்மினாலும் குறித்துக்கொள்வார்.

அந்த வகுப்புக்கு ஒரே ஒரு விதி. பங்கு வாங்கினாலும் சரி, விற்றாலும் சரி, அதற்கு முன்னால் ஒரு சீட்டில் எழுதி மேஜைமேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். டீச்சரும் போடுவார். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். இதைக்கூடச் செய்ய முடியாதா என்று கேட்காதீர்கள். ஆசை வந்த மனுஷனுக்கு அரைத் துண்டுக் காகிதம் எழுத ஏது நேரம்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வேலாண்டி மாடி ஏறி வந்தார். கக்கத்தில் பாய் மாதிரி ஒரு சுருள்.

“டீச்சர், அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க.”

பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, பின்பக்கத்தில் பச்சைப் பென்சிலால் இருபத்தெட்டுக் கோடுகள். வருஷத்துக்கு ஒன்று. நாட்டில் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை பங்கு கைமாறியது என்று நூலகத்தில் உட்கார்ந்து பழைய பேப்பரெல்லாம் புரட்டி எடுத்த கணக்கு. முதல் கோடு நகத்தின் உயரம். நடுவில் இரண்டொரு இடத்தில் குனிந்து நிமிர்கிறது. கடைசிக் கோடு தாளில் அடங்கவில்லை. மேலே இன்னொரு தாளை ஒட்டி, அதிலும் ஏறி நிற்கிறது.

டீச்சர் அசந்துபோனார். “அடேயப்பா! நீங்களே போட்டதாண்ணே?”

“எட்டு மாசம் டீச்சர்.” வேலாண்டிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. “இப்ப ஒரு கேள்வி. இத்தனை ஜனம் முண்டியடிச்சு ஏறுற பஸ், ஊர் போய்ச் சேராம இருக்குமா?”

டீச்சர் ஒட்டுத் தாளில் விரலை வைத்தார்.

“இந்தக் கடைசிக் கோடு என்னது?”

“போன வருஷம் ஜனங்க வாங்கின பங்கு.”

“சரி. வித்த பங்குக்குக் கோடு எங்க?”

வேலாண்டி சுருளைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“வித்ததா? அது தனியா பேப்பர்ல வரலையே.”

“வராது. அதுவும் இதே கோடுதான்.”

“அது எப்படி?”

“நீங்க ஒண்ணு வாங்கணும்னா, அதை ஒருத்தர் விக்கணுமில்ல?”

முப்பத்தோரு வருஷமாக வேலாண்டி எண்ணியது ஏறினவர்களை மட்டும்தான். டிக்கெட் வாங்கினவன் கணக்கில் வருவான். இறங்கிப் போகிறவனை எந்தக் கண்டக்டர் எழுதி வைத்தார்? அதே விரல்தானே இந்தப் பென்சிலையும் பிடித்தது. ஒவ்வொரு பச்சைக் கோட்டிலும் எத்தனை பேர் ஏறினார்களோ அத்தனையும் யாரோ இறங்கிய இடம்.

“அட முருகா,” என்றார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. ராசு. பன்னிரண்டு வருஷம் இவர் பஸ்ஸை ஓட்டிய டிரைவர். அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“அண்ணே, பதினோரு பேரும் கீழ டீக்கடையில நிக்கிறோம். போன்ல எல்லாம் ரெடி. நீங்க விசில் குடுத்தா ஒரே அடியா வாங்கிருவோம்.”

“இருடா, இரு,” என்று வேலாண்டி வைத்துவிட்டார்.

“யாரு அவங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“நம்ம டெப்போ ஆளுங்க. எல்லாம் ரிட்டயர் ஆனவங்க. நான் சொன்னா மறுபேச்சு பேசமாட்டாங்க. ராசு மூட்டு ஆபரேஷனுக்கு வச்சிருந்த பணத்தையே எடுத்துக்கிட்டு வந்திருக்கான்.”

“எதை வாங்கப் போறாங்க?”

“நான் வாங்கினதைத்தான்.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“நீங்க வாங்கினீங்களா? டப்பாவில சீட்டே இல்லையே!”

வேலாண்டி தரையைப் பார்த்தார்.

“பதினஞ்சு நாளாச்சு டீச்சர். நாடே வாங்குது, நாம மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதான்னு ஒரு வேகம். ஒரு சிமெண்ட் ஷீட் கம்பெனி. இருநூறு ரூபாய் மேனிக்கு நாலாயிரம் பங்கு. ரிட்டயர்மெண்ட்ல வந்த பணம் அத்தனையும். வீட்டுலகூடச் சொல்லலை.”

“எந்தக் கம்பெனி? பேரைச் சொல்லுங்க.”

சொன்னார்.

டீச்சர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “வாங்கினதுக்கு ரசீது வந்திருக்குமே, கொண்டாங்க.”

சட்டைப் பையில் எட்டாக மடித்து வைத்திருந்தார். டீச்சர் அலமாரியிலிருந்து தன்னுடைய ஃபைலை எடுத்து, அதிலிருந்து ஒரு காகிதத்தை உருவி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. வாங்கினவருக்கும் வித்தவருக்கும் அதே நம்பரைத்தான் அச்சடிப்பாங்க. ரெண்டையும் படிங்க.”

டிக்கெட் நம்பர் படித்துப் பழகிய கண். முதல் காகிதத்தில் கடைசி நாலு எண் 4471. காலை பத்து மணி பதினேழு நிமிஷம் நாற்பது செகண்ட். நாலாயிரம் பங்கு, வாங்கியது. இரண்டாவது காகிதம். 4471. பத்து மணி பதினேழு நிமிஷம் நாற்பது செகண்ட். நாலாயிரம் பங்கு, விற்றது. மேலே பெயர் ஜெசிந்தா.

வேலாண்டி இன்னொரு தடவை படித்தார். நம்பர் மாறவில்லை.

“நீங்களா?”

“மாதா மேல சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. எதிர்ல யாருன்னு ஸ்கிரீன்ல காட்டாது. அந்தக் கம்பெனியோட வருஷ அறிக்கையைப் படிச்சேன், மனசு ஒப்பலை. வித்துரலாம்னா வாங்க ஆளில்லை. ஒம்பது நாள் காத்துக்கிடந்தேன். திங்கக்கிழமை காலைல ஒரே ஆள் நாலாயிரத்தையும் எடுத்துக்கிட்டார். யாரோ புண்ணியவான்னு நெனச்சேன்.”

டீச்சர் பிஸ்கட் டப்பாவைத் திறந்து கிளறி, ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அதே கம்பெனி பெயர். ‘விற்கப் போகிறேன்’ என்று டீச்சர் கையெழுத்து. இருபத்துநாலு நாளைக்கு முந்தைய தேதி. வாங்குவதற்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவுக்கு ஒரு முழம் தள்ளித்தான் வேலாண்டி உட்கார்ந்திருந்தார்.

“கூட்டமான பஸ்ல எனக்குன்னு ஒரு சீட் காலியானப்பவே யார் எந்திரிச்சான்னு பாத்திருக்கணும்,” என்றார். “கண்டக்டராம் கண்டக்டர்.”

அவசர அவசரமாகப் போனைத் திறந்தார். அந்தப் பங்கை வாங்குகிறவர்கள் பட்டியலில் பெரிய பூஜ்யம். நேற்றும் பூஜ்யம், வெள்ளிக்கிழமையும் பூஜ்யம். நாட்டில் கோடிக்கணக்கில் கைமாறிக்கொண்டிருக்கிறது. இவர் வைத்திருப்பதைத் தொட ஒரு ஆள் இல்லை. சுருள் தானாகவே சுருட்டிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் உருண்டது. அதை எடுக்க அவர் குனியவில்லை.

“டீச்சர், திட்டுறதுன்னா பெறகு திட்டுங்க. இப்ப நான் இதுலேருந்து எப்படி இறங்குறது? ஒரு வழி சொல்லுங்க.”

ஜெசிந்தா டீச்சர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். கீழே டீக்கடை வாசலில் பதினோரு பேர், கையில் போனோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராசு ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டினார்.

“அண்ணே, விசில் குடுங்கண்ணே!”

டீச்சர் திரும்பி வேலாண்டியின் கண்ணை நேராகப் பார்த்தார்.

“வழிக்கு என்னண்ணே குறைச்சல்? உங்க சீட்டுல உக்காரத்தான் கீழ பதினோரு பேர் நிக்கிறாங்களே.”